வீட்டில் உள்ள பொருள்களும் புற்றுநோய் அச்சமும்: எதை எப்படி எடைபோடுவது?

மல்லிகைப்பந்தல் (தொடக்கப் பதிவு)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் சென்ற வாரம் ஒரு நீண்ட பட்டியல் வந்தது. பஞ்சு மிட்டாய், பாக்கெட் மசாலாத் தூள், சர்க்கரை சேர்க்காத குளிர்பானம், தலைச்சாயம், கொசுவர்த்தி, உருளைக்கிழங்கு வறுவல், பதப்படுத்திய இறைச்சி என்று அடுக்கிக்கொண்டே போய், இவை அனைத்தும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார அமைப்பே சொல்லிவிட்டதாக அது முடிந்தது. அதைப் படித்த என் மாமியார் அன்று மாலையே சமையலறையில் பாதியைத் தூக்கி எறியச் சொன்னார். மற்ற நேரமாக இருந்தால் நான் பொருட்படுத்தியிருக்க மாட்டேன். ஆனால் என் அக்காவுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அறுவை சிகிச்சையும் மருந்துகளும் முடிந்து இப்போது நலமாக இருக்கிறார் என்றாலும், அன்று முதல் இத்தகைய செய்தி எது வந்தாலும் அதை ஒதுக்கிவிட்டு என்னால் உறங்க முடிவதில்லை.

பட்டியலில் உள்ளவற்றில் எது உண்மை, எது பொய் என்று மட்டும் நான் கேட்கவில்லை. இப்படி ஒரு செய்தி வரும்போது அதை எடைபோடும் முறை என்ன என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். துறை அறிந்தவர்கள் பொறுமையாகச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.


ஆய்வகத்தான்

அம்மா, உணவுப் பரிசோதனை ஆய்வகம் ஒன்றில் பல ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பிரான்சின் லியோன் நகரில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இயங்குகிறது. 1965இல் தொடங்கப்பட்ட இந்த முகமை உலகச் சுகாதார அமைப்பின் ஓர் அங்கம். உங்கள் பட்டியல் போன்றவை பெரும்பாலும் இதன் வகைப்பாட்டிலிருந்தே பிறக்கின்றன. ஒரு பொருள் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்பதற்குப் போதிய சான்று இருந்தால் அது முதல் வகை. சான்று ஓரளவு வலுவாக இருந்தால் 2ஏ, குறைவாக இருந்தால் 2பி, முடிவு சொல்ல இயலாவிட்டால் மூன்றாம் வகை. இதில் பெரும்பாலோர் தவறவிடும் செய்தி ஒன்று உண்டு: இந்த வகைகள் சான்றின் வலிமையை மட்டுமே குறிக்கின்றன, பொருளின் வீரியத்தை அளப்பதில்லை. புகையிலையும் பதப்படுத்திய இறைச்சியும் ஒரே முதல் வகையில் இருப்பதற்குக் காரணம், இரண்டுமே புற்றுநோயை உண்டாக்குகின்றன என்பதில் முகமைக்கு ஐயமில்லை என்பதே ஆகும். இரண்டும் ஒரே அளவில் உண்டாக்குகின்றன என்பது அதன் பொருளன்று.

நல்ல பாம்புக்கு நஞ்சு உண்டு என்பது ஒரு செய்தி. அது நம் கொல்லையில் இருக்கிறதா, இருட்டில் செருப்பில்லாமல் அங்கே நடப்பவர் யார், எத்தனை முறை நடக்கிறார் என்பவை வேறு செய்திகள். முன்னதைத் தீங்குத்தன்மை என்றும் பின்னதை இடர் என்றும் சொல்லலாம். முகமை சொல்வது முன்னதை. வாட்ஸ்அப் செய்தி அதை எடுத்துப் பின்னதாக மாற்றிப் பரப்புகிறது.

பதப்படுத்திய இறைச்சியையே பாருங்கள். நாள்தோறும் 50 கிராம் உண்பவருக்குப் பெருங்குடல் புற்றுநோய் இடர் 18 விழுக்காடு கூடுகிறது என்று 2015இல் முகமை அறிவித்தது. இதைப் படித்தவுடன் நூறு பேர் உண்டால் 18 பேருக்கு நோய் வரும் என்று பலர் எண்ணிக்கொண்டார்கள். அது அவ்வாறன்று. ஒரு பேச்சுக்கு, ஓர் ஊரில் நூறு பேரில் ஐந்து பேருக்கு வாழ்நாளில் அந்த நோய் வரும் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஐந்தின் 18 விழுக்காடுதான் கூடும். அதாவது ஐந்து என்பது ஏறத்தாழ ஆறாகும். விழுக்காடு ஒன்று கண்ணில் பட்டால், 'எதன் விழுக்காடு' என்று கேட்காமல் அடுத்த வரிக்குப் போகாதீர்கள்.

குளிர்பானத்தில் இனிப்புக்காகச் சேர்க்கும் அஸ்பார்டேமின் கதையும் இதுதான். 2023 ஜூலையில் முகமை அதை 2பி வகையில் வைத்தது. அதே நாளில் உலகச் சுகாதார அமைப்பின் உணவுச் சேர்க்கைப் பொருள்களுக்கான நிபுணர் குழு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்ற பழைய வரம்பை மாற்றத் தேவையில்லை என்றது. ஒரு குப்பியில் 200 முதல் 300 மில்லிகிராம் இருப்பதாகக் கொண்டால், 60 கிலோ எடையுள்ள ஒருவர் நாள்தோறும் எட்டு முதல் பன்னிரண்டு குப்பிகள் வரை குடித்தால்தான் அந்த வரம்பை எட்டுவார். இரண்டு குழுக்களும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. அவை விடையளித்த கேள்விகள் வெவ்வேறு.

தலைச்சாயத்தில் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரியும். முடிதிருத்தும் தொழிலாளர்கள் பணியிடத்தில் பெறும் தொடர்பை முகமை 2ஏ வகையில் வைத்திருக்கிறது. வீட்டில் தமக்குத் தாமே சாயம் பூசிக்கொள்வதோ மூன்றாம் வகையில் இருக்கிறது. ஒரே பொருள்தான்; தொடர்பின் அளவும் காலமும் மாறும்போது சான்றும் மாறிவிடுகிறது.


கொள்ளிடக்கரை

ஐயா, விளக்கத்துக்கு நன்றி. ஒரு ஐயம். பஞ்சு மிட்டாயில் கலக்கும் ரோடமின்-பி நிறமி இந்த வகைப்பாட்டில் எங்கே இருக்கிறது? அது அவ்வளவு கொடியதாக இல்லையென்றால் அரசு ஏன் தடை செய்தது?


ஆய்வகத்தான்

நல்ல கேள்வி. ரோடமின்-பி மூன்றாம் வகையில்தான் இருக்கிறது. மூன்றாம் வகை என்றால் பாதுகாப்பானது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மனிதரைப் பற்றி முடிவு சொல்லப் போதிய ஆய்வு இல்லை என்பதே அதன் பொருள். விலங்குகளில் தீங்கைக் காட்டும் ஆய்வுகள் உண்டு.

2024 பிப்ரவரியில் முதலில் புதுச்சேரியும் பின்னர் தமிழ்நாடும் தடை விதித்தபோது, அந்தத் தடைக்குப் புற்றுநோய்ச் சான்று முழுமையாக இருக்க வேண்டிய தேவையே இல்லை. துணிக்கும் தாளுக்கும் போடும் சாயம் அது. உணவில் அனுமதிக்கப்பட்ட நிறமிகளின் பட்டியலில் அது இல்லை. உண்பவருக்கு அதனால் ஒரு நன்மையும் கிடையாது. உண்பவர்களோ குழந்தைகள். நன்மை ஏதும் இல்லாத இடத்தில் சிறிய ஐயம்கூடத் தடைக்குப் போதும் என்றே நான் கருதுகிறேன்.

மசாலாத் தூளின் கதை இதிலிருந்து மாறுபட்டது. 2024 ஏப்ரலில் இந்திய மசாலாத் தூள்கள் சிலவற்றில் எத்திலீன் ஆக்சைடு இருப்பதாக ஹாங்காங்கும் சிங்கப்பூரும் அறிவித்தன. இந்த வாயு முதல் வகையைச் சேர்ந்தது; மரபணுவையே தாக்கக்கூடியது. சால்மொனெல்லா போன்ற கிருமிகளை ஒழிக்க இதைப் பயன்படுத்துகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் மசாலாப் பொருள்களுக்கு வரம்பு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம். அமெரிக்காவிலோ 7 மில்லிகிராம் வரை அனுமதி உண்டு. ஒரே வாயுவுக்கு எழுபது மடங்கு வேறுபாடு எப்படி வந்தது என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஐரோப்பா அந்த வாயுவை உணவில் பயன்படுத்தவே இசைவதில்லை. ஆகவே கருவியால் நம்பகமாக அளந்து சொல்லக்கூடிய மிகச் சிறிய அளவை ஒட்டியே வரம்பை வைத்துவிட்டது. அமெரிக்கா பயன்பாட்டை அனுமதிப்பதால், முறையாகப் பயன்படுத்திய பின் எஞ்சக்கூடிய அளவைக் கருத்தில் கொண்டு வைத்தது. 0.1 என்பது அதற்குக் கீழே நலம், மேலே நோய் என்று பிரிக்கும் கோடு அன்று. சட்ட வரம்பை மீறியது என்ற செய்தியைப் படிக்கும்போது, அந்த வரம்பு எந்த அடிப்படையில் வைக்கப்பட்டது என்பதையும் தேடிப் பார்க்க வேண்டும்.


நெய்தல்

ஆய்வகத்தான் ஐயா சொல்வதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் 'அளவுதான் முக்கியம்' என்ற இதே வாதம் வேறு கைகளில் என்ன ஆகியிருக்கிறது என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன்.

தொழிற்சாலைகளில் கரைப்பானாகப் பயன்பட்ட பென்சீனை எடுத்துக்கொள்வோம். அது எலும்பு மச்சையைச் சிதைக்கிறது என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே சுவீடனில் தெரியவந்தது. 1948இல் அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம் என்ற தொழில்துறை அமைப்பின் ஆய்வுக் குறிப்பே, பென்சீனுக்கு முற்றிலும் பாதுகாப்பான செறிவு என்றால் அது சுழியம்தான் என்று எழுதியது. 1970களில் இஸ்தான்புல்லில் பென்சீன் கலந்த பசையைப் பயன்படுத்திய காலணித் தொழிலாளர்களிடையே இரத்தப் புற்றுநோய் மிகுந்திருப்பதை முசாஃபர் அக்சோய் என்ற மருத்துவர் வெளியிட்டார். இவ்வளவுக்கும் பிறகு 1978இல் அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்புத் துறை, காற்றில் பத்து இலட்சத்துக்குப் பத்துப் பங்கு என்றிருந்த வரம்பை ஒரு பங்காகக் குறைத்தது. தொழில்துறை வழக்குத் தொடுத்தது. பழைய வரம்பில் குறிப்பிடத்தக்க இடர் இருப்பதைத் துறை எண்ணிக்கையால் நிறுவவில்லை என்று கூறி உச்ச நீதிமன்றம் 1980இல் அந்த விதியை நீக்கியது. கணக்குகளை எல்லாம் திரட்டி அதே ஒரு பங்கு வரம்பு மீண்டும் நடைமுறைக்கு வந்தபோது ஆண்டு 1987. இடைப்பட்ட ஆண்டுகளில் பத்துப் பங்கு வரம்பு செல்லுபடியாகும் காற்றில் மூச்சுவிட்டவர்களின் கணக்கை யார் எழுதுவார்கள்?

இடர் மதிப்பீடு என்பது அறிவியல் கருவி என்பதை ஏற்கிறேன். சான்று போதவில்லை என்று சொல்லி ஆண்டுக்கணக்கில் காலம் கடத்துவதற்கும் அதே கருவி பயன்பட்டிருக்கிறது. மேலும், நாம் ஒரு நாளில் ஒரே ஒரு பொருளை மட்டும் தொடுவதில்லை. பத்துப் பொருள்கள் தனித்தனியே வரம்புக்குள் இருந்தாலும், அவை சேர்ந்து ஒரு குழந்தையின் உடலில் என்ன செய்கின்றன என்பதைத் தனித்தனி வரம்புகள் சொல்லுமா?


ஆய்வகத்தான்

நெய்தல், நீங்கள் சொன்ன பென்சீன் வரலாறு முழுவதும் உண்மை. அதை நான் மறுக்கப்போவதில்லை. கூட்டு விளைவு பற்றியும் நீங்கள் சொல்வது சரி. ஒரே வழியில் தாக்கும் பொருள்களைச் சேர்த்துக் கணக்கிடும் முறைகள் இருந்தாலும், அவை சட்டங்களுக்குள் மிக மெதுவாகவே நுழைகின்றன. ஆனால் அளவைப் பற்றிய பேச்சையே விட்டுவிட்டால் என்ன நேரும் என்பதற்கும் வரலாறு இருக்கிறது.

விலங்குகளில் புற்றுநோயை உண்டாக்கும் எந்தச் சேர்க்கைப் பொருளையும் உணவில் அனுமதிக்கலாகாது என்று 1958இல் அமெரிக்காவில் ஒரு சட்டப்பிரிவு வந்தது. டெலானி பிரிவு என்பார்கள். சாக்கரின் என்ற செயற்கை இனிப்பை உண்ட ஆண் எலிகளுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டிகள் தோன்றியதால், 1977இல் அதைத் தடை செய்ய முனைந்தார்கள். மக்களின் எதிர்ப்பால் நாடாளுமன்றம் தலையிட்டு, தடைக்குப் பதில் எச்சரிக்கை வாசகத்தை மட்டும் அச்சிடச் செய்தது. பின்னர் ஆய்ந்தபோது, மிகுந்த அளவில் உண்ட எலியின் சிறுநீரில் கால்சியம் பாஸ்பேட் படிவு உருவாகிச் சிறுநீர்ப்பையின் உட்சுவரை அரிக்கிறது என்பதும், அந்த அரிப்பை ஆற்ற உயிரணுக்கள் ஓயாமல் பெருகுவதால்தான் கட்டி வருகிறது என்பதும், மனிதரின் சிறுநீரில் அது நிகழ்வதில்லை என்பதும் தெரியவந்தன. முகமை அதை 1999இல் மூன்றாம் வகைக்கு இறக்கியது. ஆகவே எந்த அளவில், எந்த உயிரில், எந்த வழியில் என்ற மூன்றையும் கேட்டே தீர வேண்டும்.

வழி என்று நான் சொல்வதை விளக்குகிறேன். சாக்கரின் போன்றவை திசுவைப் புண்படுத்தி, அதன் விளைவாகக் கட்டியை உண்டாக்குகின்றன. புண்படாத அளவுக்குள் இருந்தால் கட்டியும் வராது. அங்கே ஒரு வாசல், அதாவது தீங்கு தொடங்கும் எல்லை அளவு, இருக்கிறது. எத்திலீன் ஆக்சைடு போன்றவை மரபணுவையே நேராகத் தாக்குகின்றன. அங்கே வாசல் இருப்பதாக நம்பிக் கொள்கை வகுக்கக் கூடாது என்பதே பெரும்பாலான நாடுகளின் நிலைப்பாடு. அத்தகைய பொருள்களுக்கு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. விலங்குகளில் பத்து விழுக்காடு கூடுதல் கட்டிகளை உண்டாக்கும் அளவைக் கண்டு, அதை மக்கள் உண்மையில் உட்கொள்ளும் அளவால் வகுப்பார்கள். விடை பத்தாயிரத்துக்கு மேல் இருந்தால் கவலை குறைவு. விடை சுருங்கச் சுருங்கக் கவலை கூடும்.

உங்கள் பட்டியலில் உள்ள உருளைக்கிழங்கு வறுவலுக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அதில் உள்ள பொருள் அக்ரிலமைடு. அது உணவில் இருப்பது கண்டறியப்பட்ட விதமே வியப்பானது. 1997இல் தெற்குச் சுவீடனின் ஹாலண்ட்சோஸ் என்ற மலைத்தொடரில் ரயில் சுரங்கம் தோண்டியபோது, நீர்க்கசிவை அடைக்கப் பயன்படுத்திய கலவையிலிருந்து அக்ரிலமைடு ஓடையில் கலந்தது. மீன்கள் செத்தன, ஓடை நீரைக் குடித்த பசுக்கள் முடங்கின. சுரங்கத் தொழிலாளர்களின் இரத்தத்தில் அக்ரிலமைடின் தடயத்தை அளந்த ஆய்வாளர்கள், ஒப்பீட்டுக்காகச் சுரங்கத்துக்குத் தொடர்பே இல்லாதவர்களின் இரத்தத்தையும் அளந்தார்கள். அவர்களுடைய இரத்தத்திலும் தடயம் இருந்தது. புகைப்பழக்கம் இல்லாதவர்களுக்கு அது எங்கிருந்து வந்தது என்று தேடிப்போனதில், மாவுச்சத்துள்ள உணவை 120 பாகை செல்சியசுக்கு மேல் வறுக்கும்போதும் சுடும்போதும், அதிலுள்ள அஸ்பராஜின் என்ற அமினோ அமிலமும் சர்க்கரையும் சேர்ந்து அக்ரிலமைடு தோன்றுகிறது என்பது 2002இல் வெளிவந்தது. அதாவது, மனிதன் தீயில் சமைக்கத் தொடங்கிய நாள் முதல் இதை உண்டுவந்திருக்கிறான்.

2015இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் கணக்கிட்டபோது, சராசரியாக உண்ணும் பெரியவருக்கு விடை 425 என்றும், மிகுதியாக உண்ணும் சிறு குழந்தைக்கு 50 என்றும் வந்தது. பத்தாயிரத்துக்கு இவை வெகு தொலைவில் கீழே இருக்கின்றன. அதே வேளையில், மனிதரிடம் நடத்திய ஆய்வுகளில் உணவின் அக்ரிலமைடுக்கும் புற்றுநோய்க்கும் தெளிவான தொடர்பு இதுவரை நிறுவப்படவில்லை. ஆகவே கவலைப்பட இடமிருக்கிறது, நடுங்க இடமில்லை என்பது என் முடிவு. வறுவலையும் முறுக்கையும் கருக விடாமல் பொன்னிறத்திலேயே எடுத்துவிடுங்கள். குழந்தைகளுக்கு நாள்தோறும் கொடுக்காதீர்கள். ஆவியில் வேகும் இட்லி, புட்டு, இடியாப்பத்தில் இந்தச் சிக்கல் இல்லை.


பருத்திக்காடு

நீங்கள் அனைவரும் உண்பவரைப் பற்றியே பேசுகிறீர்கள். தெளிப்பவரைப் பற்றி ஒரு சொல் சொல்ல அனுமதியுங்கள்.

என் தந்தை முப்பது ஆண்டுகளுக்கு மேல் பருத்திக்கு மருந்து தெளித்தவர். முதுகில் கைத்தெளிப்பான், முகத்தில் துண்டு, கையில் உறை கிடையாது. மருந்தைக் குச்சியால் கலக்குவார். காற்று எதிரே திரும்பினால் சட்டை முழுவதும் நனையும். அந்தச் சட்டையை அம்மா கையால் துவைப்பார். மாலத்தியான், டயசினான், கிளைபோசேட் ஆகிய மூன்றையும் முகமை 2015 மார்ச்சில் 2ஏ வகையில் வைத்தது. அதே ஆண்டு ஜூனில் லிண்டேன் முதல் வகைக்குப் போனது. செய்தித்தாள்கள் அப்போது, காய்கறியில் எஞ்சும் மருந்தால் நகரத்தில் உண்பவருக்கு என்ன ஆகும் என்றுதான் எழுதின. கத்தரிக்காயின் தோலில் எஞ்சும் அளவையும், நனைந்த சட்டை வழியாக ஒரே நாளில் தோலுக்குள் இறங்கும் அளவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

கிளைபோசேட் விவாதம் இன்னும் முடியவில்லை என்பதை அறிவேன். அமெரிக்காவின் அயோவா, வட கரோலினா மாநிலங்களில் மருந்து தெளிப்பவர்கள் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வு, நிணநீர்ப் புற்றுநோயோடு அதற்குத் தொடர்பு தெரியவில்லை என்று 2018இல் சொன்னது. நான் அதை மதிக்கிறேன். ஆனால் அங்கே தெளிப்பவருக்கு உரிமமும் பயிற்சியும் உண்டு. எங்கள் ஊரில் கைத்தெளிப்பானைச் சுமந்தவர்களை யார் இருபது ஆண்டுகள் பின்தொடர்ந்து எழுதினார்கள்? 2017இல் மகாராட்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்குத் தெளித்தவர்கள் பலர் இறந்தபோதுதான், உடனே கொல்லும் நஞ்சே இப்படிப் பாதுகாப்பின்றிக் கையாளப்படுகிறது என்பது நாட்டுக்குத் தெரிந்தது. இருபது ஆண்டுகள் கழித்து வரும் நோயை யார் எண்ணப்போகிறார்கள்?


ஆய்வகத்தான்

பருத்திக்காடு, உங்கள் கேள்விக்கு என்னிடம் மறுப்பு இல்லை. தொழில்வழிப் புற்றுநோயின் வரலாறே தொழிலாளர் உடலில் எழுதப்பட்டதுதான். 1775இல் லண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட் புகைக்கூண்டு துப்புரவு செய்தவர்களிடமும், 1895இல் ஜெர்மனியின் லுட்விக் ரேன் சாயத் தொழிலாளர்களிடமும் கண்டவைதான் இந்தத் துறையின் தொடக்கம். முகமையின் முதல் வகைப் பட்டியலில் உள்ள இரசாயனங்களில் பல, தொழிலாளர்களுக்கு நோய் வந்த பிறகே அங்கே இடம்பெற்றன. உண்பவரின் தட்டில் ஓர் எச்சத்தை நான் ஒரு நாள் முழுவதும் தேடுகிறேன். தெளிப்பவரின் சட்டையைச் சோதிக்கும்படி இதுவரை ஒரு மாதிரிகூட என் மேசைக்கு வந்ததில்லை.


வெள்ளிமலை

நான் புற்றுநோய்ப் பிரிவில் பணியாற்றும் செவிலியர். இந்த இழையைத் தொடக்கத்திலிருந்து படித்தேன். மல்லிகைப்பந்தல், நீங்கள் எழுதிய பட்டியலில் ஒன்று மட்டும் இல்லை என்பது என் கண்ணில் பட்டது. பாக்கு.

பாக்கை முகமை 2004இல் முதல் வகையில் சேர்த்தது. புகையிலை சேர்க்காத வெற்றிலைப் பாக்கும் அதே வகைதான். இங்கே சான்றும் வலுவானது, வீரியமும் வலுவானது, தொடர்பும் அன்றாடம் பல முறை, பல பத்தாண்டுகள். ஆய்வகத்தான் ஐயா சொன்ன கேள்விகள் அத்தனைக்கும் மோசமான விடை வரும் பொருள் இது. பாக்கில் உள்ள அரிகோலின் என்ற வேதிப்பொருள் வாயின் உட்சவ்வுக்கு அடியில் நாரிழைகளைப் பெருக்குகிறது. வாயின் உட்புறம் வெளுத்து, விறைத்து, நாளடைவில் இரண்டு விரல் நுழையும் அளவுக்குக்கூட வாயைத் திறக்க முடியாமல் போகிறது. அந்த நிலையிலிருந்து சிலருக்குப் புற்றுநோய் தோன்றுகிறது. பாக்குத் தூள் பொட்டலங்களை மெல்லும் இளைஞர்களுக்கு இருபது வயதிலேயே இந்த விறைப்பைப் பார்த்திருக்கிறேன்.

திருமணத்திலும் திருவிழாவிலும் தட்டில் வைத்து மதிப்போடு கொடுக்கும் பொருளை ஆபத்தானவற்றின் பட்டியலில் சேர்க்க யாருக்கும் மனம் வருவதில்லை. மதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. அதுவும் முதல் வகை. விறகடுப்பின் புகையும் இல்லை, அது 2ஏ. புகைப்பழக்கமே இல்லாமல், நாற்பது ஆண்டுகள் விறகடுப்பின் முன் அமர்ந்த பெண்களை நுரையீரல் பிரிவில் பார்க்கிறோம்.


மல்லிகைப்பந்தல்

அனைவருக்கும் நன்றி. வெள்ளிமலை அம்மா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நெடுநேரம் அமைதியாக இருந்தேன். எங்கள் மாமியார் முப்பது ஆண்டுகளாக வெற்றிலைப் பாக்கு போடுபவர். புகையிலை சேர்ப்பதில்லை என்பதால் தவறில்லை என்று நாங்கள் அனைவரும் நினைத்திருந்தோம்.

இன்னும் இரண்டு கேள்விகள். கொசுவர்த்தியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. மேலும் இந்த அச்சத்தில் நாங்கள் பாக்கெட் எண்ணெயை நிறுத்திவிட்டுச் செக்குக் கடலை எண்ணெய்க்கு மாறிவிட்டோம். அது சரிதானே?


ஆய்வகத்தான்

கொசுவர்த்திக்குச் சுருக்கமான விடை. 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஒரு சுருள் முழுவதும் எரியும்போது வெளிவரும் நுண்துகளின் அளவு 75 முதல் 137 சிகரெட்டுகளுக்கு இணையானது என்று கண்டது. துகளின் எடையைத்தான் அந்த ஆய்வு ஒப்பிட்டது. ஒரு சுருள் நூறு சிகரெட் அளவுக்குப் புற்றுநோயைத் தரும் என்று அது சொல்லவில்லை. என்றாலும் மூடிய அறையில் இரவு முழுவதும் எரிப்பதற்கு எந்தத் தேவையும் இல்லை. கொசுவலை கட்டுங்கள்.

எண்ணெய்க்கு நீண்ட விடை தேவை; என்னைக் கேட்டால் உங்கள் பட்டியலில் உள்ள பலவற்றை விட முதன்மையானது இதுதான். கடலையில் பூஞ்சை பிடித்தால் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகிறது. 1960இல் இங்கிலாந்தில் நூறாயிரம் வான்கோழிகள் இறந்தபோது, அவற்றுக்கு இட்ட கடலைப் புண்ணாக்கிலிருந்து இது முதன்முதலாகப் பிடிபட்டது. 1974இல் ராஜஸ்தான், குஜராத் எல்லைப் பகுதிகளில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தை உண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் ஈரல் பாதிப்பால் இறந்தார்கள். இது இயற்கையில் விளைவது, முதல் வகையைச் சேர்ந்தது, மரபணுவை நேராகத் தாக்குவது, மிகச் சிறிய அளவிலும் ஈரலில் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. ஷாங்காய் நகர ஆண்களிடம் நடத்திய ஆய்வொன்றில், அஃப்ளாடாக்சின் மட்டும் இருந்தவர்களுக்கு ஈரல் புற்றுநோய் இடர் மூன்று மடங்குக்குச் சற்று மேல். ஹெபடைடிஸ்-பி தொற்று மட்டும் இருந்தவர்களுக்கு ஏழு மடங்கு. இரண்டும் சேர்ந்தவர்களுக்கு ஏறத்தாழ அறுபது மடங்கு. நெய்தல் கேட்ட கூட்டு விளைவுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

செக்கில் ஆட்டும்போது இந்த நஞ்சின் பெரும்பகுதி புண்ணாக்கில் தங்கிவிடும். ஒரு பகுதி எண்ணெயோடு வரும். ஆலையில் காரம் சேர்த்தும் வெளுக்கும் மண்ணால் வடித்தும் சுத்திகரிக்கும்போது அது ஏறத்தாழ முழுவதும் நீங்கிவிடுகிறது. செக்கெண்ணெய்க்கு அந்தப் படிநிலை கிடையாது. செக்கு கெட்டது என்று நான் சொல்லவில்லை. செக்குக்குப் போகும் கடலைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. நன்கு காய்ந்து, உடைத்தால் நொறுங்கும் கடலையாக இருக்க வேண்டும். சுருங்கியவை, நிறம் மாறியவை, உடைந்தவை, கசப்பவை ஆகியவற்றை ஆட்டுவதற்கு முன்பே பொறுக்கி எறிந்துவிட வேண்டும். வறுத்தால் நஞ்சு போய்விடும் என்று நம்பாதீர்கள். ஓரளவு குறையும், முழுவதும் போகாது. பூஞ்சை பிடித்த புண்ணாக்கை மாட்டுக்கும் வைக்கக் கூடாது. வைத்தால் நஞ்சு உருமாறிப் பாலில் வரும். குழந்தைகளுக்கு ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி போட்டாயிற்றா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.


மல்லிகைப்பந்தல்

எங்கள் செக்குக்காரரிடம் நேரில் சென்று கடலையைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பொறுக்காமல்தான் ஆட்டுகிறார்கள். இனி நானே வாங்கிப் பொறுக்கிக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.

இந்த இழையை அக்காவிடமும் படிக்கக் கொடுத்தேன். அவர் ஒன்றைக் கேட்டார். தனக்கு நோய் வந்தது தலைச்சாயத்தாலா, பிளாஸ்டிக் டப்பாவாலா, வேறு எதனாலா என்று இரண்டு ஆண்டுகளாக ஒவ்வொரு நாளும் எண்ணிப் பார்ப்பதாகச் சொன்னார். இதுவரை அவர் என்னிடம் இதைச் சொன்னதே இல்லை.


வெள்ளிமலை

உங்கள் அக்காவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். இந்த இழையில் வந்த எண்கள் எல்லாம் ஆயிரக்கணக்கானவர்களைச் சேர்த்துப் பார்க்கும்போது தெரியும் எண்கள். ஆயிரம் பேரில் எத்தனை பேருக்குக் கூடுதலாக வரும் என்று அவை சொல்லும்; அந்த ஆயிரத்தில் ஒருவருக்கு ஏன் வந்தது என்று பெரும்பாலும் எந்த ஆய்வாலும் சொல்ல முடியாது. வயதும், பரம்பரையும், மாதவிடாய் தொடங்கிய பருவமும், உயிரணு பிரியும்போது தானாக நேரும் பிழைகளும் சேர்ந்து உண்டாக்கும் நோய் அது. அவர் வாங்கிய டப்பாவிலோ பூசிய சாயத்திலோ குற்றத்தைத் தேடி எடுத்துத் தன் மேல் சுமத்திக்கொள்ள அறிவியலில் எந்த ஆதாரமும் இல்லை. பிரிவில் ஒவ்வொரு வாரமும் யாராவது ஒருவர் இதைக் கேட்கிறார். கேட்காதவர்களும் மனத்துக்குள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

உங்கள் மாமியாரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பகல் வெளிச்சத்திலோ கைவிளக்கை வைத்தோ அவருடைய வாயைப் பாருங்கள். கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரங்கள், நாக்கின் அடிப்பகுதி. துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவந்த திட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், காரம் பட்டால் எரிச்சல், வாயை முழுவதும் திறக்க இயலாமை ஆகியவற்றில் எது இருந்தாலும் காத்திருக்க வேண்டாம்.


மல்லிகைப்பந்தல்

பார்த்தேன் அம்மா. வலது கன்னத்தின் உட்புறத்தில், அவர் எப்போதும் பாக்கை அடக்கிவைக்கும் இடத்தில், நகத்தளவு வெள்ளைத் திட்டு ஒன்று இருக்கிறது. வலி இல்லை என்கிறார். காரம் பட்டால் எரியும் என்று இப்போது கேட்ட பிறகுதான் சொல்கிறார்.


வெள்ளிமலை

அஞ்ச வேண்டாம். இத்தகைய திட்டுகளில் பெரும்பாலானவை புற்றுநோயாக மாறுவதில்லை. ஆனால் எது மாறும், எது மாறாது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்கோ இந்த வாரமே அழைத்துச் செல்லுங்கள். தேவைப்பட்டால் சிறிது திசுவை எடுத்துச் சோதிப்பார்கள். அதுவரை பாக்கை முழுவதும் நிறுத்தச் சொல்லுங்கள், குறைப்பது போதாது. முப்பது ஆண்டுப் பழக்கம் என்பதால் முதல் சில நாள்கள் தலைவலியும் எரிச்சலும் இருக்கும். அந்த நாள்களில் அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள்.


மல்லிகைப்பந்தல்

வெள்ளிக்கிழமை காலை அழைத்துச் செல்கிறேன். அக்காவும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.